மாடி வீட்டு வாடகை பாக்கியும் லோக் அதாலத்தும்: நாலு ஸ்டார், அஞ்சு ஏன் இல்லைன்னும் சொல்லுதேன்

ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதுதோம், மிக்ஸிக்கு எழுதுதோம், ஆனா கோர்ட் வளாகத்துக்குள்ள ஒரு மூலை ரூம்ல ஓசியா நடக்குற சேவைக்கு யாரும் எழுதுன மாதிரி தெரியல, அதான் நான் எழுதுதேன். சேவை: சட்டப் பணிகள் குழு மூலமா போற லோக் அதாலத், ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுப் பேசி சமரசமா முடிக்கிற இடம், போர்டுல மக்கள் நீதிமன்றம்னு போட்டிருக்கும். நான் போன வேலை: காலி பண்ணிட்டுப் போன வாடகைக்காரர்கிட்ட பாக்கியை வாங்குறது. போற வழியில இன்னும் ரெண்டு இடத்துல காசு கொடுத்தேன், ஒரு ஆன்லைன் நோட்டீஸ் ஆப், ஒரு உள்ளூர் வக்கீல், அதையும் சேத்தே சொல்லிருதேன்.

ஊரு செங்கோட்டை பக்கம், அதுக்கு மேல பேரு வேண்டாம். மேற்க பாத்தா மலை, புளியரை செக்போஸ்ட் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறுனா ஆரியங்காவு, அங்கிருந்து கேரளா. 1956 வரைக்கும் எங்க பக்கமும் மலைக்கு அந்தப் பக்கத்தோடதான் சேந்திருந்தது, செங்கோட்டை தோரண வாசல்ல இன்னைக்கும் திருவிதாங்கூர் சங்கு முத்திரை இருக்கு. அதுனால ஆளு வாரதும் போறதும் எங்களுக்குப் புதுசு இல்ல. பாவூர்சத்திரம் சந்தையில காய் எடுத்து புனலூர், கொல்லத்துக்கு லோடு அனுப்புற மலையாளத்து ஆளுக இங்கன வீடெடுத்து தங்குறதும் வழக்கம்தான். எங்க மாடி வீட்ல இருந்தவரும் அந்த மாதிரி ஒருத்தர். நல்ல மனுஷன்னுதான் இன்னைக்கும் எங்கம்மா சொல்லுதா, பொங்கலுக்கு ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டாந்து கொடுத்தவராம்.

வாடகை 7,500, அட்வான்ஸ் ரெண்டு மாசம், 15,000. மூணு வருஷம் ஒழுங்கா ஓடுச்சு, அப்புறம் பாதி பாதியா வந்துச்சு, அப்புறம் "லோடு பைசா வரல அம்மா" ஆச்சு, அஞ்சு மாசம் சேந்து போச்சு, 2024 ஜூன்ல ஒரு நாள், குத்தாலத்துல சீசன் தொடங்கி ஊரே சாரல்ல நனைஞ்சுக்கிட்டு இருக்கையில, கதவு பூட்டிருக்கு ஆளு இல்ல. சாவியை கீழ பால்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்காரு. ஒரு இரும்புக் கட்டிலும் ஒரு டேபிள் ஃபேனும் மட்டும் உள்ள கெடக்கு.

கணக்கு போட்டோம். வாடகை 37,500. ஈபி பில் 4,860, இது நாங்க கட்டலேன்னா எங்க கனெக்ஷனைத்தான் பிடுங்குவாங்க, பில்லு வீட்டு கனெக்ஷன் பேர்ல, ஆளு பேர்ல இல்ல. மோட்டார் காயில் எரிஞ்சு போய் ரீவைண்டிங் 3,200. உடைஞ்ச வாஷ்பேசின் 2,800. ஆக 48,360, அட்வான்ஸை கழிச்சா 33,360. அம்மா அதுக்கு மேல வெள்ளையடிக்க 9,000 சேக்கச் சொன்னா. சேத்தோம், அது பின்னாடி காமெடியா போச்சு, சொல்லுதேன்.

முதல்ல என்ன பண்ணுவோம், எல்லாரும் பண்றதுதான், ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்லாத்தான் பேசுனாரு, "இது சிவில் மேட்டர் தம்பி, வாடகை கொடுக்கலேங்கறது குத்தம் இல்ல, கடன்"னாரு. ஆரம்பத்துலேருந்தே ஏமாத்தணும்னு வந்து குடியேறுனதா காட்ட முடிஞ்சாத்தான் மோசடி கேஸ், மூணு வருஷம் ஒழுங்கா வாடகை கொடுத்தவர் மேல அதைச் சொல்ல முடியாது. ஸ்டேஷனுக்குக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க மாமா ஒருத்தர், கட்டிலையும் ஃபேனையும் வித்துரு, ஆதார் காப்பியை வாட்ஸ்அப் குரூப்புல போட்டு விடு, காசு தானா வரும்னு ஐடியா கொடுத்தாரு. ரெண்டையும் செய்யல, செஞ்சிருந்தா நான் பாதிக்கப்பட்டவன்ங்கற நிலைமை மாறி எதிராளி ஆயிருப்பேன்னு பின்னாடி வக்கீல் சொன்னாரு.

அப்புறம்தான் அந்த ஆப். "வீட்டிலிருந்தபடியே வக்கீல் நோட்டீஸ்"னு விளம்பரம், 1,499 ரூபாய். ராத்திரி பதினோரு மணிக்கு கடுப்புல கட்டிட்டேன், கடுப்புல கட்டுற காசு எல்லாமே இப்படித்தான் போகும்னு வைங்க. ரெண்டு நாள்ல பிடிஎஃப் வந்துச்சு, நல்ல தடிப்பான இங்கிலீஷ், நாலு பக்கம், படிச்சா எனக்கே பயமா இருந்துச்சு, மூணாவது பக்கத்துல பாத்தா டெல்லி வாடகைச் சட்டத்தைப் போட்டிருக்கான். வீடு செங்கோட்டை பக்கம், ஆளு புனலூர் பக்கம், சட்டம் டெல்லி. சாட்ல கேட்டேன், "டெம்ப்ளேட்ல திருத்தி அனுப்புறோம் சார்"னான், அதுக்குள்ள தபால்ல போயிருச்சு. கவர் "ஆள் இல்லை"ன்னு திரும்பி வந்துச்சு. ஒரு ஸ்டார், அதுவும் ரசீது ஒழுங்கா கொடுத்ததுக்காக. பேரு போடல, எல்லா ஆப்பும் இப்படியான்னு எனக்குத் தெரியாது, நான் வாங்குனது இப்படி.

இதுல ஒண்ணு கத்துக்கிட்டேன், நோட்டீஸ்ங்கறது காசை வாங்கித் தராது பாத்துக்கிடுங்க. வாடகை பாக்கி கேட்டு சிவில் கேஸ் போட நோட்டீஸ் அனுப்பியே ஆகணும்னுகூட பொதுவா கட்டாயம் இல்ல. நான் கேட்டேன், இந்தத் தேதியில இவ்வளவு கேட்டேன், நீ கொடுக்கலேன்னு ஒரு பதிவு, அவ்வளவுதான். சரியான அட்ரஸுக்குப் போட்டு ரசீது கையில இருந்தா, ஆளு வேணும்னே வாங்காம திருப்பி விட்டாலும் போய்ச் சேந்ததா எடுத்துக்கிட சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அட்ரஸ் சரியா இருக்கணும், நான் ஆப்புக்குக் கொடுத்ததோ அவரோட ஆதார்ல இருந்த பழைய அட்ரஸ்.

அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை கொல்லம் ரயில்ல ஏறிப் போனேன். இந்த லைன்ல போறதுன்னா எனக்கு எப்பவும் சந்தோஷம், தென்மலை பக்கத்துல அந்தப் பதிமூணு கண் பாலம் வரும்போது பாக்கி வசூலுக்குப் போறோம்ங்கறதே மறந்து போச்சு. புனலூர்ல இறங்கி விசாரிச்சதுல மச்சினர் வீட்டோட ஒரு கடை போட்டிருக்காருன்னு தெரிஞ்சுது. கடைப் பக்கம் போகல, போனா வாய்ச்சண்டைதான் வரும். கதவு நம்பர், வார்டு, பின்கோடு மட்டும் பக்கத்து டீக்கடையில கேட்டு எழுதிக்கிட்டு ஒரு பழம்பொரியும் சாயாவும் குடிச்சுட்டு அடுத்த வண்டியில திரும்பிட்டேன். மொத்தக் கதையிலயும் உருப்படியா நான் செஞ்ச வேலை இதுதான், அந்தச் சாயாவும் நல்லா இருந்துச்சு.

அடுத்தது உள்ளூர் வக்கீல். பேரு போடக் கூடாது, வக்கீல்மார் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூலே இருக்கு, நான் எழுதி அவருக்கு எதுக்கு வம்பு. ஆலோசனைக்கும் புது நோட்டீஸுக்கும் சேத்து 2,000 வாங்குனாரு. மனுஷன் முக்கால் மணி நேரம் உக்காந்து சொன்னதை நான் நோட்டுல எழுதிட்டு வந்தேன், அந்த முக்கால் மணி நேரத்துக்கே மூணரை ஸ்டார்.

முதல் கேள்வி, "அக்ரிமெண்ட் எங்க?" 20 ரூபா பத்திரத்துல 11 மாசத்துக்கு எழுதுனது, மூணு வருஷமா புதுப்பிக்கவே இல்ல. "ஆன்லைன்ல பதிஞ்சீங்களா?" இல்ல. தமிழ்நாட்டுல 2017-ல புது வாடகைச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரி 22-லேருந்து நடைமுறையில இருக்கு, 1960-ல போட்ட பழைய சட்டம் போயிருச்சு. இப்போ வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அவரு டெபுடி கலெக்டர் லெவல் ஆளு. வீட்டு அட்வான்ஸ் பொதுவா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள பிடிக்க வேண்டியதைப் பிடிச்சுட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கணும். ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் வாங்குறவங்க இதைப் படிச்சா கோவப்படுவாங்க, ஆனா சட்டம் அப்படித்தான். நாம பதியலங்கறதால வாடகை அதிகாரி கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், அதுவும் ஆளு ஏற்கெனவே வீட்டை விட்டுப் போயிட்டாருன்னு வக்கீல் அபிப்பிராயம். 11 மாசம்னு எழுதுனா எங்கயும் பதிய வேண்டாம்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்குல்லா, அது பழைய பத்திரப் பதிவுச் சட்டத்து கணக்கு, இந்தப் புதுச் சட்டத்துக்கு அது செல்லாது.

ரெண்டாவது கேள்வி, "அவரு கொடுக்கணும்னு அவரு வாயால சொன்னது ஏதாவது இருக்கா?" இருந்துச்சு. ஜூலையில அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல, "அஞ்சு மாசம் வாடகை உண்டு அம்மா, ஓணம் கழிஞ்ஞு தராம்"னு தமிழ் எழுத்துல மலையாளம் போட்டு அனுப்பிருந்தாரு. வக்கீல் அந்த மெசேஜைப் பாத்து சிரிச்ச சிரிப்பை நீங்க பாக்கணும். "பத்திரம் பதியலேன்னா என்ன, இது போதும், ஓணம் போயிட்டு வரட்டும்"னாரு. போனை மாத்தாதீங்க, சாட்டை அழிக்காதீங்க, பிரிண்ட் எடுத்து அதுக்கான சர்டிஃபிகேட்டோட கொடுக்கணும், பழைய சாட்சியச் சட்டத்துல 65பி, 2024 ஜூலை 1-லேருந்து வந்த புதுச் சட்டத்துல 63-வது பிரிவுன்னு விளக்குனாரு. அது போக ஜிபேயில மூணு வருஷமா மாசாமாசம் 7,500 வந்த ஸ்டேட்மெண்ட், அம்மாவோட பால் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்ச வாடகைக் கணக்கு. அந்த நோட்டை நான் எத்தனை தடவை பழைய பேப்பர்காரனுக்குப் போடப் பாத்திருக்கேன்!

மூணாவதா வழிகளைச் சொன்னாரு. முன்சீப் கோர்ட்ல பணம் கேட்டு சாதா கேஸ் போடலாம், வீடு இங்க இருக்கு, வாடகை இங்கதான் கொடுக்கணும், அதுனால ஆளு கேரளாவுல இருந்தாலும் கேஸ் இங்கயே போடலாம், நாம புனலூருக்கு அலைய வேண்டாம். வாடகை பாக்கிக்கு கெடு மூணு வருஷம், ஒவ்வொரு மாச வாடகைக்கும் அது அது விழுந்த தேதியிலேருந்து தனித்தனியா ஓடும், இது நிறைய பேருக்குத் தெரியாது, கடைசி மாசத்தை வச்சு மொத்தமா எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, முதல் மாசப் பாக்கி செத்துப் போயிருக்கும். கோர்ட் பீஸ் தமிழ்நாட்டுல முன்ன நூத்துக்கு ஏழரை, 2017-ல மூணா குறைச்சுட்டாங்க, நம்ம கணக்குக்கு ஆயிரம் சொச்சம்தான். அவரோட ஃபீஸ் 12,000. சம்மரி சூட்னு சுருக்கமா முடியுற கேஸ் ஒண்ணு இருக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்து தொகை பளிச்சுன்னு நிக்கணும், சம்மன் கிடைச்ச பத்து நாள்ல எதிராளி ஆஜர் ஆகணும், வாதாடவே கோர்ட்டுகிட்ட அனுமதி கேக்கணும். ஆனா மோட்டாரும் வாஷ்பேசினும் அந்தக் கணக்குல வராது, நம்ம பத்திரமும் நொண்டி, வேண்டாம்னுட்டாரு.

"செக் வாங்கி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு, இல்லன்னேன். இங்க எங்க சித்தப்பா கதையை சொல்லியாகணும். அவரு கடையை வாடகைக்கு விட்டு, போறப்போ பாக்கிக்கு 60,000 செக் வாங்குனாரு, செக் திரும்பிருச்சு. சந்தோஷமா ரெண்டு மாசம் போன்லயே திட்டிக்கிட்டு இருந்தாரு. செக் திரும்புன தகவல் பேங்குலேருந்து வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், அது கிடைச்ச 15 நாள் அவனுக்கு டைம், அதுலயும் கொடுக்கலேன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட்கிட்ட புகார் போடணும். இந்த வரிசையில ஒண்ணு தப்புனா கஷ்டம். செக் தேதியிலேருந்து மூணு மாசம் முடியாம இருந்தா திரும்ப பேங்குல போட்டு, திரும்ப பவுன்ஸ் ஆனா புதுசா 30 நாள் கிடைக்கும், அவருக்கு நல்லவேளை பத்து நாள் மிச்சம் இருந்துச்சு, அப்படித்தான் தப்பிச்சாரு. 2015-க்கு அப்புறம் நம்ம கணக்கு எந்த பேங்க் பிராஞ்சுல இருக்கோ அந்த ஏரியா கோர்ட்லயே போடலாம், கேரளாக்காரர் செக்கா இருந்தாலும் தென்காசி பக்கத்துலயே நடத்தலாம். ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்குறதால ஆளுக அதுக்குக் கொஞ்சம் பயப்படுவாங்க. எங்ககிட்ட செக் இல்ல, சிப்ஸ் பாக்கெட் கவர்தான் இருந்துச்சு.

கடைசியாத்தான் வக்கீல் அந்த வார்த்தையைச் சொன்னாரு, அதுக்காகவே அவருக்கு இன்னும் அரை ஸ்டார் கூடப் போடலாம்னு இப்போ தோணுது. "வீடு யாரு பேர்ல?" அம்மா பேர்ல. "அப்போ எனக்கு எதுக்கு 12,000, அம்மா சட்டப் பணிகள் குழுவுல மனு கொடுத்தா வக்கீலே ஓசியா வைப்பாங்க." சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல போட்டது, அதுல இலவச சட்ட உதவிக்கு பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வீட்டுக்காரிங்கறதால கிடையாதுன்னு சொல்ல முடியாது. எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், தொழிலாளிகளுக்கும் உண்டு. எனக்கு முப்பத்தஞ்சு வயசு, டிகிரி படிச்சிருக்கேன், இது தெரியாது. அது போக கேஸ் போடுறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துல வைக்கலாம், அதுக்கு ஆண் பெண் யாரு வேணா போகலாம், கோர்ட் பீஸ் ஒத்த ரூபா கிடையாது. 15100-னு நம்பர் இருக்கு, போன்ல கேட்டாலும் சொல்லுவாங்க.

இனிமே மெயின் ரிவ்யூ.

ஓணம் கழிஞ்சுது, காசு வரல, வக்கீல் நோட்டீஸ் சரியான அட்ரஸுக்குப் போய் அக்நாலெட்ஜ்மெண்ட் கார்டுல கையெழுத்தோட வந்துச்சு, பதில் இல்ல. அக்டோபர்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்த ரூமுக்குப் போனேன். வெள்ளைத் தாள்ல மனு, தமிழ்லயே எழுதினோம், கூட பத்திர ஜெராக்ஸ், ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் பிரிண்ட், ஈபி ரசீது, மோட்டார் கடை பில், ரெண்டு பேரோட அட்ரஸ். அங்க இருந்த பொண்ணு, "பாட்டி, தொகையை ஒரே இடத்துல கூட்டிப் போடுங்க"ன்னு சொல்லி அவளே கால்குலேட்டர்ல போட்டுக் கொடுத்தா. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, யாரும் தலையைச் சொறியல. அரசாங்க ஆபீஸ்ல இதுக்கே ஒரு ஸ்டார் கொடுக்கணும். அம்மா மட்டும் வெளிய வந்து, "ஏல, இவ்வளவுதானா, நான் கோர்ட்டுன்னு சொல்லி பட்டுச் சேலை கட்டிட்டு வந்தேன்"னு வருத்தப்பட்டா.

குழுவுலேருந்து அவருக்கு நோட்டீஸ் போச்சு. முதல் தேதிக்கு வரல. இதுதான் இந்தச் சேவையோட பெரிய ஓட்டை, நல்லா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அவங்களால யாரையும் இழுத்துட்டு வர முடியாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அங்க தீர்வு, எதிராளி வரலேன்னாலோ வந்து முடியாதுன்னாலோ பைலை மூடி நீங்க கோர்ட்டுக்குப் போங்கன்னுருவாங்க, உங்க பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் சரி. ஒரு ஸ்டார் அதுக்குத்தான் குறைச்சேன். சட்டமே அப்படி இருக்கு, ஆனா ரிவ்யூ படிக்கிறவருக்கு வித்தியாசம் ஒண்ணும் இல்லையே.

நம்ம ஆளு ரெண்டாவது நோட்டீஸுக்கு வந்தாரு. ஏன் வந்தாருன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். நோட்டீஸ்ல கோர்ட் முத்திரை இருந்தது ஒரு காரணம். இன்னொண்ணு, அவரு இன்னும் வாரத்துக்கு ரெண்டு நாள் பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்துதான் ஆகணும், அங்க கமிஷன் மண்டியில கடனுக்குக் காய் எடுக்குற ஆளு, வாடகை கொடுக்காம ஓடுன ஆளுங்கற பேரு வந்தா மறுநாள் ரொக்கம் வைன்னுருவாங்க. இதுல சட்டத்துக்கு எவ்வளவு பங்கு, சந்தைக்கு எவ்வளவு பங்குன்னு என்னால பிரிக்க முடியல. உங்க வாடகைக்காரர் நம்ம ஊர்ப்பக்கமே இனி தலை வச்சுப் படுக்காத ஆளா இருந்தா இந்த நாலு ஸ்டாரை ரெண்டரைன்னு படிச்சுக்கிடுங்க.

2024 டிசம்பர்ல தேசிய லோக் அதாலத் அன்னைக்கு எங்களைக் கூப்பிட்டாங்க, வருஷத்துக்கு நாலு தடவை நாடு முழுக்க ஒரே நாள்ல வைக்கிறதுதான் அது. கூட்டம்னா கூட்டம், பேங்க் லோன்காரங்க ஒரு பக்கம், ஆக்சிடெண்ட் கேஸ் ஒரு பக்கம், புருஷன் பொண்டாட்டி ஒரு பக்கம். காலையில பத்துக்குப் போய் ஒன்றரைக்குத்தான் எங்க நம்பர் வந்துச்சு. குடிக்கத் தண்ணியும் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டும் எடுத்துட்டுப் போங்க. மேசைக்குப் பின்னாடி ரிட்டையர் ஆன ஒரு ஜட்ஜ் ஐயா, பக்கத்துல ஒரு வக்கீல். கூண்டு இல்ல, கறுப்பு கோட்டு அதட்டல் இல்ல, பஞ்சாயத்து மாதிரிதான் பேசுனாங்க.

ஐயா எங்க கணக்குத் தாளை எடுத்தாரு, முதல்ல கண்ணுல பட்டது அந்த வெள்ளையடிச்ச 9,000. "ஏம்மா, மூணு வருஷம் குடியிருந்தா சுவர் அழுக்காகாம என்ன செய்யும், நீங்க இருந்தாலும் அழுக்காயிருக்கும்ல"ன்னாரு. சாதாரண தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பு இல்ல, சொத்து மாற்றுச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்குன்னு பேனாவால ஒரே கோடு, 9,000 போச்சு. அம்மா என்னைப் பாத்த பார்வை, என்னமோ நான்தான் சேக்கச் சொன்ன மாதிரி. வாஷ்பேசினுக்கு குடிவந்த அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதும் இருக்கான்னாரு, இல்ல. ஆனா வாடகைக்காரரே, "அது பிள்ளைக கையால பொட்டிப் போயி சாரே"ன்னு ஒத்துக்கிட்டாரு. நான் நெனச்சேன், இதே ஆளு பொய் சொல்லிருந்தா எங்களுக்கு 2,800 காலி. புதுசா ஆளு வைக்கிறவங்க சாவி கொடுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு வீடியோ எடுத்து அந்த ஆளுக்கே அனுப்பி வச்சுருங்க, காசா பணமா.

வாடகைக்காரர் அவரு பக்கமும் ஒண்ணு சொன்னாரு, ரெண்டு மழைக்கு மாடி ஒழுகுச்சு, தார்ப்பாய் வாங்கிப் போட்டேன், சொல்லியும் நீங்க சரி பண்ணலேன்னு. அது உண்மைதான், எங்கப்பா இருந்த காலத்துலேருந்தே ஒழுகுது. அதை நான் எந்த மனுவுலயும் எழுதல. ஐயா ரெண்டு பேரையும் பாத்து, 33,360-ல 28,000-க்கு முடிச்சுக்கிடுங்க, நாலு தவணை, மாசம் 7,000, ஜனவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும்னாரு. எனக்கு மனசே இல்ல, 5,360 விடுறதான்னு. அம்மா தலையை ஆட்டிட்டா. பின்னாடி கணக்கு பாத்தா கேஸ் போட்டிருந்தா வக்கீலுக்கும் கோர்ட் பீஸுக்குமே 13,000, வாய்தா வாய்தாவா ஒன்றரை வருஷமோ ரெண்டு வருஷமோ. அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, பசிச்சுருச்சு, அவ்வளவுதான்.

ரெண்டு பக்கமும் கையெழுத்து, அங்கயே அவார்டு காப்பி. இந்தத் தாளுக்கு கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, உள்ள அதே பலம், இதுக்கு மேல அப்பீல் கிடையாது, யாருக்கும். அவரு கட்டலேன்னா நேரா நிறைவேத்துற மனு போடலாம், முதல்லேருந்து கேஸ் நடத்த வேண்டாம், 12 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. அவரோட சொத்து புனலூர்ல இருந்தா அந்த ஊர் கோர்ட்டுக்கு மாத்தி விடச் சொல்லி அங்க ஜப்தி கேக்கணும், அது தனி அலைச்சல். மாசச் சம்பளக்காரரா இருந்தா சம்பளத்துல பிடிக்கலாம், அதுவும் முதல் ஆயிரமும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது, ஒரே டிகிரிக்கு 24 மாசத்துக்கு மேலயும் பிடிக்க முடியாது. காய் யாவாரிக்கு என்னத்தைப் பிடிக்கிறது, தக்காளியவா. அதுனாலதான் ஐயா தவணையைச் சின்னதா போட்டாருன்னு நெனைக்கேன், மொத்தமா எழுதி வாங்கிருந்தா தாள் கனமா இருந்திருக்கும், பை காலியா இருந்திருக்கும்.

செலவு மொத்தம்: ஆப்புக்கு 1,499 வீண், வக்கீலுக்கு 2,000, ஜெராக்ஸும் ரயிலும் சாயாவும் 400 கிட்ட, குழுவுக்கு பூஜ்யம். காலம்: மனு கொடுத்ததுலேருந்து அவார்டு வரைக்கும் ரெண்டு மாசம், கடைசித் தவணை வரைக்கும் எண்ணுனா ஏழு மாசம்.

யாரு போகலாம்? எதிராளி அட்ரஸ் உறுதியா தெரிஞ்சவங்க, அவரு கையெழுத்திலயோ மெசேஜ்லயோ பாக்கியை ஒத்துக்கிட்டிருந்தா இன்னும் நல்லது, கொஞ்சம் விட்டுக்கொடுக்க மனசும் வேணும். அட்ரஸே தெரியாதவங்க, இல்ல மூணு வருஷக் கெடு முடிய பத்து நாள் இருக்கவங்க இங்க வந்து உக்காராதீங்க, நேரா வக்கீலைப் பிடிச்சு கேஸைப் போடுங்க, பேச்சுவார்த்தையை அப்புறம் வச்சுக்கிடலாம், கேஸ் போட்ட பிறகும் அதை லோக் அதாலத்துக்கு அனுப்ப முடியும், அப்படி முடிஞ்சா கட்டுன கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். இன்னொண்ணு, ரிஜிஸ்டர் தபாலை 2025-ல ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாங்க, அதுனால இப்போ நோட்டீஸ் அனுப்புறவங்க தபாலாபீஸ்ல டெலிவரிக்கு அத்தாட்சி வேணும்னு கேட்டு வாங்கிக்கிடுங்க.

அப்டேட்: ரெண்டு தவணை தேதிக்கு வந்துச்சு. மூணாவது பதினோரு நாள் லேட்டு, நிறைவேத்துற மனுவுக்கு வக்கீலைப் பாக்கக் கிளம்பிட்டேன், தென்காசி பஸ்ல ஏறி உக்காந்தப்போ ஜிபே சத்தம் கேட்டுச்சு, பாதி வழியில இறங்கித் திரும்பிட்டேன். நாலாவதை மே மாசம் நேர்லயே கொண்டு வந்து கொடுத்தாரு, கூட ஒரு பாக்கெட் சிப்ஸ். கட்டிலையும் ஃபேனையும் ஏத்திக்கிட்டுப் போக லோடு ஆட்டோ பிடிச்சுட்டு வந்திருந்தாரு. போகும்போது, சந்தைக்கு அங்கேருந்து வந்து போறது பெரிய கஷ்டமா இருக்கு அம்மா, மாடி காலியாத்தான் இருக்கான்னு கேட்டாரு. அம்மா என்னைப் பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல, பதியுறதுக்கு ஆன்லைன்ல என்னென்ன டாக்குமெண்ட் கேக்கான்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.